தாயும் சேயும் நம் கையில் உள்ள அமானிதம்

(ரமளானை முன்னிட்டு, ஷஃபான் மாதத்தில் மதரஸா மண்டபத்தில் நடந்த குடும்பநல நிகழ்ச்சியில் எங்கள் டிரஸ்டின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த நிகழ்ச்சிக்கு வீடு வீடாக அழைக்கப் போனபோது, "பிள்ளைப்பேறு பற்றிய பேச்சு பெண்கள் சமாச்சாரம்தானே, ஆம்பளைகளுக்கு அங்கே என்ன வேலை?" என்று பலர் கேட்டார்கள். பிள்ளையைச் சுமப்பது பெண்தான். ஆனால் அவளை எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, அவள் என்ன சாப்பிடுவது, எவ்வளவு நேரம் படுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது அவளா? பெரும்பாலான வீடுகளில் மாப்பிள்ளை, மாமியார், மாமனார்தான். அதனால்தான் எல்லோரையும் அழைத்தோம்.

போன ரமளானில் நடந்த ஒன்றைச் சொல்லியே தொடங்குகிறோம். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

எட்டு மாதக் கர்ப்பிணி. மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. பத்தொன்பது நோன்பு பிடித்திருந்தார். தராவீஹ் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் அவருக்குத் தலைசுற்றலும் வயிற்று வலியும் வந்தன. மாப்பிள்ளை சவுதியில் டியூட்டியில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டார் காத்திருந்ததில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.8. சஹர் நேரத்துக்குள் நம் வாலிபர்கள் மூன்று பேர் ஓடிப்போய் ரத்தம் கொடுத்தார்கள். குறைமாதத்தில், 1.7 கிலோ எடையில் பிள்ளை பிறந்து பல நாள் இன்குபேட்டரில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று தாயும் பிள்ளையும் நலம்.

பிறகு அவர் வீட்டு அலமாரியில் பிரிக்காத சத்து மாத்திரை அட்டைகள் ஏழெட்டு இருந்தன. "ஏம்மா சாப்பிடல?" என்று கேட்டதற்கு, "சாப்பிட்டா வாந்தி வருது, யார்கிட்ட சொல்றது?" என்றார். "நோன்பை ஏன் விடல?" என்று கேட்டதற்கு, "வீட்ல எல்லாரும் நோன்பு. நான் மட்டும் மாமிக்கு முன்னாடி எப்படிச் சாப்பிடுவேன்?" என்றார்.

அவர் மாமி நல்ல மனுஷி. நோன்பு பிடி என்று ஒருநாளும் வற்புறுத்தவில்லை. ஆனால் 'நீ சாப்பிடு' என்றும் யாரும் சொல்லவில்லை. எங்கள் தவறையும் சொல்லியாக வேண்டும். ரமளான் உதவிப் பொருள் கொடுக்க அந்த வீட்டு வாசலுக்கு நாங்களும் போயிருந்தோம். வெளிறிப்போன முகத்தோடு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினவர் அவர்தான். "எத்தனை மாசம்மா, ரத்தம் பார்த்தியா?" என்று நாங்களும் கேட்கவில்லை. இந்த வருடம் உதவிப் பொருளோடு அந்தக் கேள்வியும் போகும், இன்ஷா அல்லாஹ்.

நோன்பினால்தான் இப்படி ஆனது என்று நாங்கள் சொல்லவில்லை. ரத்தம் பல மாதங்களாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ரத்தக் குறைவு

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்து. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல், 52 சதவீதத்தினருக்கு, ரத்தசோகை இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் அது 67 சதவீதம். வசதியான வீடு, வசதியற்ற வீடு என்று அது பார்ப்பதில்லை.

பிரசவத்தில் எல்லாப் பெண்ணுக்கும் ரத்தப்போக்கு உண்டு. உடம்பில் ரத்தம் இருக்கிறவள் அதைத் தாங்குவாள். இல்லாதவளுக்குச் சாதாரணப் போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பிள்ளையும் எடை குறைந்து, குறைமாதத்தில் பிறக்க வாய்ப்பு அதிகம்.

முதல் மூன்று மாதம் போலிக் அமில மாத்திரை. நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். ரத்தம் மிகக் குறைவாக இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார் அல்லது ஊசி போடுவார். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் போட்டால் குமட்டல் குறையும். டீ, காபி, பாலோடு போட்டால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை சர்பத், நெல்லிக்காய், கொய்யாவோடு சேர்ந்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

"தினம் பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாள், மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் நல்லது, பரக்கத்தானது. ஆனால் குறைந்துபோன ரத்தத்தை அது மட்டும் ஏற்றிவிடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, மீன், நன்றாக வெந்த ஆட்டுச் சுவரொட்டி எல்லாம் சேர வேண்டும். ஒரு வேண்டுகோள்: விருந்து என்றால் கறித்துண்டு முதலில் ஆண்கள் சஹனுக்குப் போகிறது, கர்ப்பிணிக்கு ஆணமும் சோறும் மிஞ்சுகிறது. இந்த வழக்கத்தை மாற்றுங்கள்.

நோன்பு பற்றி

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை இருக்கிறது என்பதை நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் நமக்குத் தெளிவாக அறிவிக்கிறது. தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சுகிறவள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்யலாம். பித்யா கொடுக்க வேண்டுமா என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் விளக்கம் வேறுபடும். உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் கொடுத்த சலுகையை நம் வீட்டுக் கூச்சம் தட்டிப் பறித்துவிடக் கூடாது.

ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை, முன்பு குறைமாதப் பிரசவம் இவற்றில் ஏதாவது இருந்தால் அவர் சொல்கிறபடி நடங்கள். நோன்பு பிடித்திருக்கும்போது மயக்கம், சிறுநீர் குறைதல், பிள்ளை அசைவு குறைதல், வலி, ரத்தம் படுதல் வந்தால் மஃரிபுக்காகக் காத்திருக்க வேண்டாம். நோன்பை முறித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை. லுஹர் நேரத்தில் ஒரு தட்டில் சோறு போட்டு, "நீ சாப்பிடும்மா, உனக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கான்" என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் வேறு யாரும் பேச மாட்டார்கள்.

பதிவும் பரிசோதனையும்

நாள் தள்ளிப்போன உடனே, 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் பதிவு வேண்டும். அப்போது கிடைக்கும் எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் டிரஸ்ட் ஆபீசுக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் போனால் கவனம். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. ரத்த வகை நெகட்டிவ் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி ஊசி உண்டு.

போன் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்

நம் ஊரில் பாதி மாப்பிள்ளைமார் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம்: "அவசரம் என்றால் என்னிடம் கேட்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்" என்று எட்டாம் மாதத்திலேயே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரி, யார் துணைக்குப் போவது, யார் ரத்தம் கொடுப்பது, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்ற நான்கையும் முன்பே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ரத்தம் படுதல், பனிக்குடம் உடைதல், கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, கடும் காய்ச்சல், பிள்ளை அசையாமல் இருப்பது இவற்றில் எது வந்தாலும் 108-க்கு அழையுங்கள். அது இலவசம், இரவு பகல் எந்நேரமும் வரும்.

நாற்பது நாள்

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், கீரை ஆகாது, பழம் ஆகாது என்று பட்டினி போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரும் வேண்டும், காய்கறியும் வேண்டும். பூண்டு, மிளகு, கருவாடு என்று உங்கள் பக்குவத்தில் சமைத்துக் கொடுங்கள், ஆனால் வயிறு நிறையக் கொடுங்கள். துணி அடிக்கடி நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், காய்ச்சல் இருந்தால், 'நாற்பது முடியட்டும்' என்று இருக்காதீர்கள். காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள் என்றால், கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் காட்டுங்கள். அதுவும் ஒரு நோய்தான், குணமாகும்.

பிள்ளைக்கு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். முதலில் வரும் சீம்பால் மஞ்சளாக இருக்கும், அதைப் பிழிந்து கொட்டாதீர்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். தஹ்னீக் செய்ய விரும்புகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மென்மையான பேரீச்சம்பழத்தைத் தொட்டுத் தடவும் அளவோடு நிறுத்துங்கள். எடை குறைந்த பிள்ளை, குறைமாதப் பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிள்ளையின் கண்ணுக்குச் சுர்மா இடாதீர்கள். சுர்மாவில் ஈயம் இருக்கலாம், ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைத்த சோறும் பருப்பும், பிறகு முட்டை மஞ்சள், முள் நீக்கிய மீன். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர்க் கஞ்சி வயிற்றை நிறைக்கும், எடையைக் கூட்டாது. டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். இரண்டு வருடம் பாலூட்டுவதைக் குர்ஆன் பேசுகிறது. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. முதலில் சொன்ன சகோதரிக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை.

தடுப்பூசி: பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதை ஒட்டி. 2017-ல் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாதவர்கள் நம்மிலும் உண்டு. ரூபெல்லா ஒரு கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். ஹாஜிக்கு ஆகுமான ஊசி பிள்ளைக்கு ஆகாதா? சொட்டு மருந்தை விடாமல் கொடுத்ததால்தான் 2014-ல் நம் நாடு போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது.

பிறந்த பிள்ளை பால் குடிக்காவிட்டால், உடம்பு சில்லிட்டால், வேகமாக மூச்சு வாங்கினால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கினால், வலிப்பு வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

கடைசியாக, வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ரத்தம் கொடுக்கக்கூடிய வாலிபர்கள் ரத்த வகையையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். இரவில் ஆட்டோ ஓட்டக்கூடியவர்களும் எழுதுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்கள் சகோதரிகள் பக்கம் உள்ள தாளில் தெரு பெயரையும் மாதத்தையும் எழுதினால் போதும், எங்கள் பெண்கள் குழு வந்து பார்க்கும். போன ரமளானில் சஹர் நேரத்தில் ஓடிய அந்த மூன்று வாலிபர்களும் இன்று இங்கே இருக்கிறார்கள். முதல் மூன்று பெயரும் அவர்களுடையதுதான்.

நம் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.