மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதுமா?



2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் சாங்கி விமான நிலையத்திலும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சில விமான நிறுவனங்கள் கணினியை ஒதுக்கிவிட்டுக் கையால் பதிவு செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டன. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பே அதற்குக் காரணம். உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது.

அது முதல் பக்கச் செய்தியான விபத்து. செய்தியாகாத சிறு விபத்துகளும் உண்டு. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணக்கு மென்பொருள் இன்று காலையில் தடுமாறும். அதை எழுதிய நிரலாளர் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார். மாறியது அவருடைய நிரல் அன்று. அந்த நிரல் நிற்கும் தரை. தரைக்குள் என்ன மாறியது என்று பார்க்க அவருக்கு வழி உண்டா? இதுதான் இன்றைய கேள்வி.

தரை என்பது என்ன?

எந்த நிரலாளரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. கோப்பைத் திறப்பது, தேதியைக் கணக்கிடுவது, திரையில் பொத்தானை வரைவது, இணையத்தில் தொடர்பு கொள்வது போன்ற பொதுவான வேலைகளை முன்பே எழுதி வைத்திருக்கும் தொகுப்பே பிரேம்வொர்க் எனப்படும் கட்டமைப்பு. மைக்ரோசாப்ட் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட டாட்நெட் அத்தகைய ஒன்று. அதன் மேல் வங்கி மென்பொருளும் எழுதலாம், மளிகைக் கடைக்கான கணக்கு மென்பொருளும் எழுதலாம்.

மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதப்படுவது மூலநிரல். கணினி ஓட்டுவதற்காக அதை மாற்றி அமைத்த வடிவம் இயங்குநிரல். வாடிக்கையாளருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இயங்குநிரல் மட்டுமே. பிழை தேடும் நிரலாளர் தம் மூலநிரலில் வரிவரியாக நடந்து போவார். கட்டமைப்பின் வாசலுக்கு வந்ததும் கதவு சாத்தியிருக்கும். பிழை தம் பக்கமா, உள்ளே இருப்பவர் பக்கமா என்று அவருக்குத் தெரியாது.

கதவு திறந்தது, ஆனால்...

2007ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டாட்நெட் கட்டமைப்பின் முக்கியப் பகுதிகளின் மூலநிரலை நிரலாளர்கள் படிக்கலாம் என்றது. 2008 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. படிக்கலாம், பிழை தேடப் பயன்படுத்தலாம். மாற்றவோ மறுபடி வெளியிடவோ கூடாது என்பது நிபந்தனை. விஷுவல் ஸ்டூடியோ 2008 என்ற கருவியின் வழியாக நிரலாளர்கள் கட்டமைப்புக்குள்ளும் வரிவரியாக நடந்து போக முடிந்தது. மூடிய மென்பொருளுக்குப் பெயர் போன நிறுவனம் இதைச் செய்தது அன்று பெரிய செய்தி.

ஆனால் விரைவில் ஒரு குறை தெரிந்தது. புதிய பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று கணினியில் ஏறியதும் கட்டமைப்பின் இயங்குநிரல் மாறிவிடும். வெளியிடப்பட்டிருந்த மூலநிரலோ பழையதாகவே இருக்கும். போன ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இந்த ஆண்டுக்கு முகூர்த்தம் பார்த்தால் எப்படியிருக்கும்? பஞ்சாங்கம் பொய்யன்று, அது இந்த ஆண்டுக்கு உரியதன்று. அவ்வளவுதான்.

கணினிக்கும் இது தெரியும். இயங்குநிரலைத் தயாரிக்கும்போதே குறியீட்டுக் கோப்பு ஒன்றும் உருவாகிறது. எந்த இயங்கு கட்டளை மூலநிரலின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதை அது சொல்லும். இரண்டிலும் ஒரே அடையாள எண் பொறிக்கப்படும். எண் பொருந்தவில்லை என்றால் பிழை தேடும் கருவி அந்தக் கோப்பை ஏற்காது. இது பிடிவாதமன்று. தவறான வரியைக் காட்டி நிரலாளரை அலையவிடுவதைவிட, எதையும் காட்டாமல் இருப்பதே மேல்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த டாட்நெட் 4.5 இன்னொரு பாடம். அது முந்தைய 4.0 பதிப்பின் பக்கத்தில் தனியாக உட்காரவில்லை. அதை அகற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தது. 4.0 பதிப்புக்காக எழுதப்பட்ட நிரல்கள் அன்று முதல் 4.5 பதிப்பின் மேல் ஓடின. வாடகைக்காரர் வீட்டில் இருக்கும்போதே வீட்டுத் தரையைப் பெயர்த்து மாற்றியதைப் போன்றது இது.

புதுப்பிக்காமல் இருந்துவிடலாமா?

சிலர் புதுப்பிப்பையே தள்ளிப் போடுகிறார்கள். ஓடுவதைத் தொடாதே என்பது அவர்கள் கொள்கை. அது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. விண்டோஸ் ஓட்டை ஒன்றுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டது. மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகைத் தாக்கியது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மருத்துவ அமைப்புகள் பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தள்ளி வைக்கப்பட்டன. இரண்டு மாதத்திற்கு முன்பே வந்த திருத்தத்தைப் பொருத்தியிருந்தால் அது தடுக்கப்பட்டிருக்கும்.

ஆகவே புதுப்பிக்கத்தான் வேண்டும். மைக்ரோசாப்ட் 2003ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை வெளியிடுகிறது. நேர வேறுபாட்டால் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அது புதன் அதிகாலையில் வந்து சேரும். அலுவலகம் திறக்கும் நேரத்தில் தரை மாறியிருக்கலாம். பாதுகாப்புக்காகப் புதுப்பிப்பவர் உள்ளே பார்க்கும் வசதியை இழப்பதும், அந்த வசதிக்காகப் புதுப்பிக்காதவர் பாதுகாப்பை இழப்பதும் எப்படி நியாயமாகும்? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு.

மறுப்பும் விடையும்

திருத்தத்தின் மூலநிரலை உடனே வெளியிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று தீயவர்களுக்கும் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். அஞ்சத் தக்கதுதான். ஆனால் கைதேர்ந்த தாக்குநர்களுக்கு மூலநிரல் தேவையே இல்லை. பழைய இயங்குநிரலையும் புதியதையும் ஒப்பிட்டே எது மாறியது என்று கண்டுபிடிக்கிறார்கள். மூடி வைப்பதால் திருடனுக்குச் சிறிது தாமதம். வீட்டுக்காரருக்கோ முழு இருட்டு.

பொருத்தமான மூலநிரலைக் கொடுக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் பழையவை. 1991ஆம் ஆண்டில் வந்த ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, இயங்குநிரலைக் கொடுப்பவர் அதற்கு இணையான மூலநிரலையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. ஏதோ ஒரு மூலநிரல் போதாது. அந்த இயங்குநிரலுக்கு உரியதே வேண்டும். டெபியன் லினக்ஸ் தன் பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் உரிய மூலத் தொகுப்பையும் சேர்த்தே வெளியிடுகிறது.

மைக்ரோசாப்டும் மெல்ல அந்தப் பக்கம் வந்தது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூலநிரலைத் தேடிப் படிக்கும் இணையத் தளத்தைப் புதுப்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் டாட்நெட் கோர் என்ற புதிய கட்டமைப்பைத் திறந்த மூலநிரலாக எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிடுவதாக அறிவித்தது. 2017ஆம் ஆண்டில் சோர்ஸ் லிங்க் என்ற முறைக்கு விஷுவல் ஸ்டூடியோ ஆதரவு தந்தது. இயங்குநிரல் எந்த மூலநிரல் நிலையிலிருந்து உருவானது என்ற முகவரி குறியீட்டுக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். பிழை தேடும் கருவி அந்த முகவரிக்குச் சென்று சரியான கோப்பை எடுத்து வரும். பஞ்சாங்கத்தின் மேல் ஆண்டைத் தெளிவாக அச்சிட்டது போன்றது இது.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. விண்டோஸுடன் வரும் பழைய டாட்நெட் கட்டமைப்பின் மேல் எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் பல அலுவலகங்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு அந்தப் புதிய வசதி முழுமையாகக் கிடைப்பதில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்போமா?

மென்பொருள் வாங்கும் நிறுவனங்கள் விலையையும் வசதிகளையும் கேட்கின்றன. இனி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் உரிய குறியீட்டுக் கோப்பு பாதுகாக்கப்படுகிறதா? அடித்தளக் கட்டமைப்பின் பொருத்தமான மூலநிரலைப் பார்க்க வழி உண்டா? புதுப்பிப்பை எல்லாக் கணினிகளிலும் ஏற்றுவதற்கு முன் ஒன்றிரண்டில் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டா? விடையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது. நிரல் பயிலும் இளைஞர்கள் தாங்கள் எழுதும் சிறிய நிரலுக்கும் பதிப்பு எண்ணிட்டு, அதன் மூலத்தைப் பத்திரப்படுத்தும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

திறந்த மனம் வேண்டும் என்று பேசுவது எளிது. திறந்து வைத்ததை நாள்தோறும் ஒழுங்காகப் பேணுவதுதான் கடினம். மூலநிரலை ஒருமுறை வெளியிடுவது விழா. ஒவ்வொரு புதுப்பிப்போடும் அதை வெளியிடுவது கடமை. விழாவுக்குக் கைதட்டியது போதும். கடமையைக் கேட்டுப் பெறுவதே பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவோரின் உரிமை.