தொழில் யார் பேரில் இருக்கு?

(உலக மகளிர் தின விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசிய உரை, மார்ச் 2024)



வீட்டில் இருந்து செய்கிற தொழிலை எந்த வகையில் பதிவு பண்ணுவது என்று பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சாமை முறுக்கும் இட்லிப் பொடியும் வீட்டில் போட்டு விற்கிறேன். பயிற்சியில் கேட்டதும், விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்ததும், நம்ம ஊர்களில் கண்ணால் பார்த்ததும்தான் நான் சொல்லப் போறது.

முதலில் ஒரு கேள்வி. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் மாவு அரைக்கிறவங்க இருக்கீங்க, தையல் தைக்கிறவங்க இருக்கீங்க, தேன், புளி, கடுக்காய் வாங்கி விற்கிறவங்க இருக்கீங்க. அந்தத் தொழில் யார் பேரில் இருக்கு? பாதிப் பேர், "வீட்டுக்காரர் பேர்ல"ன்னு சொல்வீங்க. மீதிப் பேர், "யார் பேர்லயும் இல்ல, சும்மா செய்யறோம்"னு சொல்வீங்க. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசைகிற கை நம்மளது. ஆனால் பேங்கில் போய் நின்றால், "உங்க தொழிலுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் இல்லை. பத்து வருஷம் உழைத்தவளும் அங்கே புதுசாத்தான் தெரிவாள்.

சட்டத்தில் தொழிலுக்குப் பல உருவம் இருக்கு. எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ண மூணு கேள்வி போதும். லாபம் யாருக்கு? கடன் வந்தால் யார் பொறுப்பு? ஒருத்தர் விலகினாலோ, இறந்து போனாலோ தொழில் என்ன ஆகும்? எந்த உருவமா இருந்தாலும் இந்த மூணுக்கும் பதில் கேளுங்க.

முதல் உருவம், தனி ஒருத்தர் பேரில் நடத்துவது. புரொப்ரைட்டர்ஷிப் என்று பேங்கில் சொல்வாங்க. இதுக்குன்னு தனிச் சட்டமோ, தனிப் பதிவு அலுவலகமோ கிடையாது. நீங்களும் தொழிலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒண்ணுதான். லாபம் முழுசும் உங்களுக்கு. உங்க பான் கார்டே தொழிலுக்கும் போதும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் வருமான வரியும் கிடையாது. இதில் ஒரு பாரம் இருக்கு: தொழிலில் வாங்கின கடனும் உங்க சொந்தக் கடன்தான். தொழில் நொடித்தால் உங்க நகை, உங்க சேமிப்பு வரைக்கும் கேட்க வரலாம். அதனால் சின்னதா ஆரம்பிச்சு, கடனை அளவோட வைச்சுக்கணும். வீட்டில் ஒரு அடுப்பு, ஒரு மெஷின் வைத்து நடத்துகிற நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான உருவம் என்பது என் கருத்து.

இரண்டாவது உருவம், கூட்டு. பார்ட்னர்ஷிப். இதுக்கு 1932-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு. இங்கேதான் நம்ம பெண்கள் அதிகமா சிக்கல் படுறாங்க. நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன், பேர் வேண்டாம்.

ஒரே குழுவில் இருக்கிற மூணு பேர் சேர்ந்து மசாலாப் பொடி அரைச்சாங்க. ஒருத்தர் குழுக் கடன் எடுத்து மெஷின் வாங்கினாங்க. ஒருத்தர் தன் வீட்டுத் திண்ணையை ஒதுக்கிக் கொடுத்து கரண்ட் பில்லும் கட்டினாங்க. மூணாவது அக்கா கடை கடையா ஏறி இறங்கி ஆர்டர் பிடிச்சாங்க. இரண்டு வருஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் ஆர்டர் பிடிச்ச அக்கா குடும்பத்தோட திருப்பூருக்குப் போக வேண்டி வந்தது. "என் பங்கைக் கொடுங்க"ன்னு கேட்டாங்க. பங்குன்னா எவ்வளவு? மெஷின்ல பங்கா? கடைக்காரங்க தர வேண்டிய பாக்கியில பங்கா? அந்தப் பேரைச் சொன்னாலே கடையில பொடி விக்குதே, அந்தப் பேருக்கு என்ன விலை? அலைஞ்ச உழைப்பை எதுல எழுதி வைச்சாங்க? எதுவும் எழுதலை. ஒரு சொல் இரண்டானது. குழுக் கூட்டத்துல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்தவங்க ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்தாங்க. கடன் தவணையும் இரண்டு மாசம் தள்ளிப் போச்சு. அது குழுவோட பேரையே பாதிச்சுது.

கடைசியில் குழுவிலேயே வயசான ஒரு அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாங்க. மெஷினுக்கு அன்றைய விலை போட்டு, வர வேண்டிய பாக்கியைக் கூட்டி, கட்ட வேண்டிய கடனைக் கழித்து, மிச்சத்தை மூணாகப் பிரிச்சாங்க. திருப்பூர் போகிற அக்காவுக்கு அவங்க பங்கை நாலு தவணையில் கொடுக்க முடிவாச்சு. மற்ற இரண்டு பேரும் அப்புறம் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினாங்க. அதே ஒப்பந்தத்தை முதல் நாளே எழுதியிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது.

அவங்க மேல சந்தேகம் வந்து எழுதறது இல்லை அம்மா. உறவு கெடக் கூடாதுன்னுதான் எழுதறது. கூட்டுத் தொழில் ஒப்பந்தத்தில் இதெல்லாம் இருக்கணும்:

யார் எவ்வளவு பணம் போட்டது, பணம் போடாமல் உழைப்போ இடமோ தந்தவருக்கு என்ன பங்கு, லாபமும் நஷ்டமும் எந்த விகிதத்தில், மெஷின் யாருடையது, பேங்கில் யார் யார் கையெழுத்து, ஒருத்தர் விலகினால் பங்கை எப்படிக் கணக்குப் போடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது, தொழிலோட பேர் யாருக்கு, ஒருத்தர் இறந்தால் தொழில் தொடருமா, அவங்க வாரிசுக்கு என்ன.

கடைசியா சொன்னது முக்கியம். ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதலைன்னா, கூட்டாளி ஒருத்தர் இறந்ததும் கூட்டு கலைந்ததா ஆகிவிடும் என்பதுதான் சட்டம்.

இன்னும் இரண்டு விஷயம். தொழிலுக்காக ஒரு கூட்டாளி கடன் வாங்கினால் எல்லோரும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் மூணு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். அதனால் கூட்டாளி யாருன்னு மட்டும் பார்க்காதீங்க, அவங்க கடன் வாங்குகிற பழக்கத்தையும் பாருங்க. இரண்டாவது, கூட்டைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்யாத கூட்டுக்கு ஒரு கடைக்காரர் பணம் தராமல் ஏமாத்தினால், கூட்டின் பேரில் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. கூட்டுக்குத் தனி பான் கார்டு எடுக்கணும். அதோட லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம் வருமான வரி. கூட்டாளிகளுக்கு ஒப்பந்தத்தில் எழுதின சம்பளத்தைச் சட்டம் சொல்ற அளவுக்குக் கழிச்சுக்கலாம். அதுக்காகவும் ஒப்பந்தம் எழுதணும்.

அடுத்து, நம்ம குழு. "குழுக் கடனில் வாங்கின மெஷின், அதனால் குழுவுக்கும் பங்கு உண்டு"ன்னு சில ஊரில் பேசறாங்க. குழு கடன் கொடுத்தால் அசலும் வட்டியும் கேட்கலாம், அவ்வளவுதான். தொழில் கடன் வாங்கினவருடையது. குழு மொத்தமும் சேர்ந்து செய்கிற தொழில்னா அது வேற. அதுக்குத் தீர்மான நோட்டில் எழுதி, சேமிப்புக் கணக்கோட கலக்காமல் தனி வரவு செலவு வைக்கணும். சேமிப்புப் பணம் எது, தொழில் பணம் எதுன்னு தெரியாமல் போனால் தணிக்கையில் ஊக்குநரும் பிரதிநிதியும்தான் பதில் சொல்லணும்.

இனி பெரிய உருவங்கள். கம்பெனி என்றால் எல்லோருக்கும் ஒரு மரியாதை. ஒருத்தரே வைத்துக்கொள்கிற ஒருநபர் கம்பெனிகூட 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தில் இருக்கு. கடன் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும் என்பது அதில் நன்மை. ஆனால் ஒரு பொட்டலம் விற்காவிட்டாலும் வருஷா வருஷம் ஆடிட்டர் தணிக்கை செய்யணும், கணக்கைத் தாக்கல் பண்ணணும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஒரு மாசம் மறந்தால் ஒரு படிவத்துக்கே 3,000 ரூபாய். முறுக்குப் போடுகிற நமக்கு அது தாங்காது. யாராவது ஏஜெண்டு வந்து "கம்பெனி போட்டுத் தர்றேன்"னு சொன்னால், வருஷச் செலவு எவ்வளவுன்னு முதலில் கேளுங்க.

ஆனால் மலையில் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு யோசிக்க வேண்டியது இருக்கு. சாமை, புளி, தேன், கடுக்காய் எல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கு. தனித்தனியா விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. அங்கே நூறு பேர் சேர்ந்து நிற்கணும். அதுக்குத்தான் உற்பத்தியாளர் கம்பெனி. குறைந்தது 10 உற்பத்தியாளர்கள், 5 இயக்குநர்கள் வேணும். பங்கு எத்தனை வைச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. முழுநேர நிர்வாக அலுவலர் ஒருத்தர், தணிக்கை எல்லாம் உண்டு. அந்தச் செலவைத் தாங்குகிற அளவுக்குச் சரக்கு சேர்ந்தால் இது நல்ல உருவம். கூட்டுறவுச் சங்கத்துக்கு 25 பேர் வேணும். அது நமக்குப் புதுசு இல்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் நம்ம வீட்டு ஆம்பளைங்க எத்தனை பேர் அங்கத்தினர்! கரும்பு வெட்டறதும் கட்டறதும் நாமதான். அங்கத்தினர் புத்தகத்தில் நம்ம பேர் எத்தனை வீட்டில் இருக்கு? யோசிச்சுப் பாருங்க.

பெண்கள் சேர்ந்து பெரிசாக வளர முடியுமான்னு கேட்கறவங்களுக்கு லிஜ்ஜத் அப்பளத்தைச் சொல்றேன். 1959 மார்ச் 15-ஆம் தேதி பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் தேய்க்க ஆரம்பிச்சாங்க. முறையாகப் பதிவு பண்ணினது 1966-இல். தொழில் வளர வளரத்தான் அதுக்கேற்ற உருவம் கொடுத்தாங்க. ஆனால் ஆரம்பத்திலிருந்து ஒரு விதியில் உறுதியா இருந்தாங்க: அப்பளம் தேய்க்கிற ஒவ்வொரு சகோதரியும் அதில் சொந்தக்காரி. இன்றைக்கு அதில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். தொடங்கினவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட் அம்மாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைச்சுது.

சரி, நாளைக்குக் காலையில் என்ன செய்யலாம்? வரிசையா சொல்றேன்.

முதலில் உங்க ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்குன்னு பாருங்க. பல பேருக்கு வீட்டுக்காரர் நம்பரோ, மகன் நம்பரோ இருக்கும். ஓ.டி.பி. அங்கே போகும். உங்க தொழில் சாவி அவங்க கையில் இருக்கிற மாதிரி. உங்க நம்பரை மாத்துங்க. பான் கார்டு எடுங்க.

அடுத்து உதயம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் இருக்கு. அரசு இணையதளத்தில் இலவசம், காகிதம் எதுவும் ஏத்த வேண்டாம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற தனியார் தளத்தில் மாட்டிக்காதீங்க. உங்க ஆதாரை வைச்சு உங்க பேரில் பதிவு பண்ணுங்க. அப்போதான் அது பெண் நடத்துகிற தொழில்னு பதிவாகும்.

சாப்பிடுகிற பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும். 2024-இல் வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள், அதாவது மாசம் ஒரு லட்சத்துக்குள் விற்கிறவர்களுக்கு வருஷக் கட்டணம் 100 ரூபாயாகத்தான் இருந்தது. அந்த 14 இலக்க எண்ணையும், எடை, விலை, தயாரித்த தேதி, முகவரியையும் பொட்டலத்தில் போடணும்.

ஜி.எஸ்.டி. என்றதும் பயப்பட வேண்டாம். நம்ம மாநிலத்துக்குள் பொருள் விற்கிறவர்களுக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் புதுச்சேரி நமக்குப் பக்கம் என்றாலும் கணக்குக்கு வெளி மாநிலம் மாதிரிதான். வரி உள்ள பொருளை அங்கே கடைக்கு அனுப்பினால் பதிவு வேணும். அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

இந்தச் சான்றுகளை வைச்சு தொழில் பேரில் பேங்க் கணக்குத் தொடங்குங்க. நாமினி எழுதுங்க. வீட்டுச் செலவை அந்தக் கணக்கில் கலக்காதீங்க. தினமும் வரவு செலவு எழுத ஒரு நோட்டு வையுங்க. குழுவில் நோட்டு எழுதிப் பழகின நமக்கு அது கஷ்டமே இல்லை.

வீட்டில் இருக்கிறவங்க "என் பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே"ன்னு கேட்பாங்க. சண்டை போட வேண்டாம். "ஒண்ணுதானே, அப்போ என் பேர்லயே இருக்கட்டும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.

வர்ற மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியல் கொண்டு வரணும்னு கேட்டுக்கறேன். உறுப்பினர் பேர், செய்கிற தொழில், அது யார் பேரில் இருக்கு, இந்த மூணு மட்டும் போதும். பட்டியல் வந்தால் யாருக்கு எந்தப் பதிவு வேணும்னு கூட்டமைப்பிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.