மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மேசை

மலைநாட்டிலே மழை சற்று ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. லயத்தின் இஸ்தோப்பு ஓரத்தில், ஈர நிலத்தின்மேல், பழைய சாக்கு ஒன்று விரித்துக் கிடக்கிறது. அதன்மேல் குந்தியிருக்கும் இளைஞன் தன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்ற முயல்கிறான். எஞ்சினுக்கு அடியில் இரண்டு கற்கள் முட்டாக நிற்கின்றன. கழற்றிய மரையாணிகளில் ஒன்று சேற்றில் விழுந்து மறைந்துவிட்டது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளை அறிந்த நேயர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

ஒரு காலத்தில் தோட்டத்திலே மோட்டார் சைக்கிள் என்றால் அது சின்னதுரையின் வாகனம். அதன் ஓசை வளைவில் கேட்டவுடன் தொழிலாளி பாதையின் ஓரம் ஒதுங்கி நின்றான். இன்றோ அந்தத் தொழிலாளியின் பேரன் அதே பாதையில் தன் சொந்த வண்டியை ஓட்டிச் செல்கிறான். பஸ் வந்து சேராத டிவிஷனிலிருந்து நகரத்து வேலைக்குப் போவதற்கும், பிள்ளையைப் பாடசாலையில் விடுவதற்கும், நோயாளியை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்வதற்கும் அதுவே துணை.

அந்தத் துணையைப் பேணவேண்டிய கட்டாயத்தை அண்மைக்காலம் நன்கு உணர்த்தியது. 2020-ஆம் ஆண்டு இலங்கையில் வாகன இறக்குமதி தடைப்பட்டது. 2022-இல் பொருளாதார நெருக்கடி வந்தது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவதைத் தவிர எளியவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. வீட்டிலேயே பழுது பார்க்கும் பழக்கம் பரவியது. ஆனால், பழுது பார்ப்பதற்கு ஏற்ற இடம் அதனோடு சேர்ந்து வரவில்லை.

நிலத்தில் வைத்து வேலை செய்வதால் முதுகு நோகும், முழங்கால் வலிக்கும் என்பது மட்டுமன்று குறை. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு உயிர்நிலை அதன் பிரேக்கு. இறம்பொடை வளைவுகளிலோ கினிகத்தேனை இறக்கத்திலோ பிரேக்குத் தவறினால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பிரேக்கின் தேய்வையும், கம்பியின் பிரிந்த இழையையும் கணுக்கால் உயரத்தில் குனிந்து பார்ப்பவன் பாதிதான் காண்கிறான். சக்கரத்தைக் கண்ணுக்கு எதிரே கொண்டுவருவதே மேசையின் முதற் பயன்.

கடையிலே வாங்கக்கூடிய தூக்குமேசைகள் உண்டு. எண்ணெய் அழுத்தத்தினாலோ, கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கால்களினாலோ அவை வண்டியை ஏறத்தாழ 30 அங்குல உயரத்திற்கு உயர்த்தும். நகரத்திலே கராஜ் வைத்துப் பிழைப்பவருக்கு அவை தகுந்தவை. ஆனால், அவற்றுக்குச் சமமான சீமெந்துத் தரை வேண்டும். அவை பாரமானவை; ஒற்றையடிப் பாதையில் தூக்கிச் செல்வது எளிதன்று. மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் இடத்தில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே, வீட்டில் வைத்து மாதம் ஒருமுறை வேலை செய்பவனுக்கு மரத்தாலான மேசையே போதும்.

இத்தகைய அறிவு தோட்டத்திற்கு வெளியிலிருந்து வரவேண்டியதுமில்லை. 1854-ஆம் ஆண்டு ஜோன் வாக்கர் கண்டியில் தொடங்கிய பொறியியல் தொழிலகம் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்தது. அக்காலம் தொட்டே மலைநாட்டில் இயந்திரமும் அதைப் பழுது பார்க்கும் கையும் சேர்ந்தே வளர்ந்தன. தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையிலே இரும்பு வேலை செய்த பெரியவர்கள் தங்கள் மேசையின் உயரத்தை முழங்கையைக் கொண்டே அளந்தார்கள். அந்த அளவே இங்கும் பொருந்தும்.

சாதாரண 100 சீ.சீ. வண்டி ஏறத்தாழ 110 கிலோ எடையும் ஆறரை அடி நீளமும் உடையது. எனவே, மேசை 7 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் 2 அடி உயரமும் உடையதாக இருக்கலாம். சக்கரத்தின் அச்சு மேசைப் பலகையிலிருந்து ஏறக்குறைய 1 அடி உயரத்தில் இருக்கும். அப்போது அது நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில், நிற்பவனின் முழங்கைக்குச் சற்றுக் கீழே, வந்துவிடும். முக்காலியில் அமர்ந்தால் பிரேக்கு முகத்துக்கு நேரே நிற்கும்.

மலைநாட்டார் டர்பன்டைன் என்று வழங்கும் யூகலிப்டஸ் மரச் சட்டங்கள் கால்களுக்கு ஏற்றவை. ஆனால், பச்சை மரம் காய்ந்தபின் முறுகும். நன்கு உலர்ந்த மரத்தையே வாங்கவேண்டும். மூன்று அங்குலச் சதுரத்தில் ஆறு கால்கள் வேண்டும். நடுவில் இரு கால்கள் இல்லையேல் பலகை தொய்ந்துவிடும். ஆணியைவிட மரையாணி நன்று. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: மேசை பாரத்தினால் விழுவது அரிது, பக்கவாட்டில் இழுபடுவதாலேயே விழும். இறுகிய மரையாணியைத் திருகும்போது கை முழுப்பலத்தோடு பக்கமாக இழுக்கும். ஆகவே, கால்களுக்கிடையே மூலைக்கு மூலை சாய்வுச் சட்டம் அடித்தல் இன்றியமையாதது. முன்சக்கரம் உருளாதபடி மேற்பலகையில் தடைக்கட்டை வேண்டும். வண்டியின் கைப்பிடியிலிருந்து இரு பக்கமும் பட்டை நாடாவால் இறுக்கிக் கட்டுதல் வேண்டும். பக்கத்தாங்கியை மட்டும் நம்புவது ஆபத்து.

இனி, வண்டியை மேலே ஏற்றுவது எப்படி? இரண்டடி உயரத்திற்குச் சாய்பலகை வைப்பதானால் அது 8 அடி நீளமாவது இருக்கவேண்டும். மேசையோடு சேர்ந்தால் 15 அடி. லயத்துக் காம்பராவின் அளவோ பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. 7 பேர்ச்சஸ் காணியில் எழுந்த புதிய தனிவீடுகளிலும் அவ்வளவு சமநிலம் கிடைப்பது அரிது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும். மலைநாட்டில் அந்தச் சுவர் மலைச்சரிவே.

வீடுகள் பலவும் படிபடியாக வெட்டிய நிலத்தில் நிற்கின்றன. ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையே இரண்டு மூன்று அடி உயரம் இயல்பாகவே உண்டு. உறுதியான கற்கட்டின் அருகே, மேற்படியின் மட்டத்துக்குச் சமமாக மேசையை நிறுத்தினால், மேலே உள்ள பாதையிலிருந்து வண்டியைத் தள்ளி நேராக மேசைமீது நிறுத்திவிடலாம். சாய்பலகையே வேண்டா. இடையில் ஓடும் கானை அடைக்காமல், அதன்மேல் பலகை ஒன்றை இட்டால் போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு, இருவர் சேர்ந்து, பிரேக்கில் கைவைத்தபடியே தள்ளவேண்டும். ஏறி ஓட்டுதல் கூடாது.

ஆனால், இதற்கெனப் புதிதாக மண்ணை வெட்டுதல் ஆகாது. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை மலைநாடு மறக்கவில்லை. ஏற்கெனவே கற்கட்டு உள்ள இடமே இடம். அத்தகைய இடம் இல்லாதவன், சாய்பலகையைத் தனியே செய்து, வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தை ஒட்டிப் பரவும். விறகடுப்பு எரியும் சமையலறைப் பக்கம் மேசையை ஒருபோதும் வைத்தல் கூடாது. மேலே தகரக்கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இளைஞன் மேசையருகே நிற்கிறான். மரையாணிகள் ஒரு தகரப்பேணியில் இருக்கின்றன. தங்கை சாவியை எடுத்துக் கொடுக்கிறாள். இதுவரை அவன் காணாத தேய்வு ஒன்று பிரேக்கிலே தெளிவாகத் தெரிகிறது. கொழுந்துக் கூடையைச் சுமந்தும் முள்ளுக்குத்திக் கான்வெட்டியும் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து உழைத்த குடும்பம் அது. அவ்வீட்டுப் பிள்ளை தன் வேலையை நிமிர்ந்து நின்று செய்கிறான். நாளைக் காலை அவன் பத்திரமாக மலை இறங்குவான்.