பெரியவர்களை விழ விடலாமா?
(உலு திராம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் வெட்டப் போன தொழிலாளி மேட்டில் வழுக்கி விழுந்தால், கிராணிகளாகிய நாங்கள் அதை விபத்து என்று பதிவேட்டில் எழுதுகிறோம். சொக்சோவுக்குத் தாள் போகிறது. சங்கமும் கேள்வி கேட்கிறது. நாற்பது ஆண்டு மரம் சீவி ஓய்ந்த பெரியவர் தம் வீட்டுக் குளியலறையில் விழுந்து மாண்டால் அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்கிறோம். வயதா கொன்றது? பாசி பிடித்த சிமெண்டுத் தரையல்லவா கொன்றது!

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கணக்குப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து சாகிறார்கள். தற்செயல் விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மாண்டவர்களில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள்.

விழுந்தால் எப்படிச் சாவு வருகிறது? இடுப்பெலும்பு முறிந்தவர் படுக்கையில் கிடக்கிறார்; நெஞ்சில் சளி கட்டி நிமோனியா காண்கிறது. தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால், மண்டைக்குள் மெல்லக் கசிந்து சில நாள் கழித்தும் மயங்கி விழலாம். கோடாலித் தைலம் நல்லதுதான், தோழர்களே. ஆனால் மண்டை ஓட்டைத் தாண்டி அது உள்ளே போகாது. 999க்குக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இரவில் ஒதுங்கப் போகும் நேரம்தான் பொல்லாதது. இரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் சாப்பிட்டவர் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருளும். கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து பிறகு எழட்டும். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பழைய லயங்களில் கக்கூசு பின்புறத்தில் இருக்கிறது. போகிற வழியில் கால்வாயைத் தாண்ட வேண்டும். அங்கே போட்ட பலகை ஆடுகிறதா என்று எத்தனை மகன்மார் மிதித்துப் பார்த்திருக்கிறோம்? குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்தால் கம்பியோடு ஆளும் வருவார். சுவரில் பதித்த இரும்புக் குழாய் வேண்டும். அடி தேய்ந்த சிலிப்பரைத் தூக்கி எறியுங்கள். கண்ணில் புரை இருந்தால் அறுவைக்கு அழைத்துப் போங்கள். முடங்கிய கால் வலுவிழக்கும். பக்கத்தில் ஆள் நிற்க, நாற்காலியிலிருந்து தினம் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள்.

கைத்தடி கொடுத்தால் "என்னைக் கிழவன் ஆக்குகிறாயா?" என்று நம் பெரியவர்கள் சீறுவார்கள். பேத்தியை விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

கோத்தா திங்கிச் சாலையை விடியற்காலையில் கடப்பவர்கள் வெள்ளைச் சட்டை போட்டு, டார்ச்சு எடுத்துப் போகட்டும்.

இதெல்லாம் வீட்டார் வேலை மட்டுமன்று. தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளி மீது வைக்கிறது. ஆகவே வரும் ஞாயிறு வீடு வீடாகப் போகிறோம். உடைந்த படி, ஆடும் பலகை, எரியாத விளக்கு ஆகியவற்றை வீட்டு எண்ணோடு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். தாமான் வீடுகளுக்குக் குடிபோன பெரியவர்களுக்குக் கேட்க நிர்வாகம் இல்லை. குழாயை நாமே பதித்துக் கொடுப்போம். சுவர் துளைக்கும் கருவி வைத்திருக்கும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள்.