மங்கிய திரை

பழைய கணினி ஒன்றின் திரை மங்கிவிட்டால், அதன் ஆயுள் முடிந்ததென்றே பலர் தீர்மானித்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பாகும்.

1983ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தண்டி நிறுவனம், தன் ரேடியோ ஷாக் கடைகளில் டி.ஆர்.எஸ். 80 மொடல் 100 என்னும் சிறு கணினியை விற்பனைக்கு வைத்தது. அதனைச் செய்தளித்தது யப்பானின் கியோசெரா நிறுவனம். நிறை ஏறக்குறைய 1.4 கிலோகிராம். சுவர்க்கடிகாரத்திற்கு இடுவது போன்ற சிறு மின்கலங்கள் நான்கினால் ஏறக்குறைய 20 மணி நேரம் இயங்கும். பத்திரிகை நிருபர்கள் சென்றவிடத்திலிருந்தே செய்தியை எழுதித் தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வரிக்கு 40 எழுத்தாக 8 வரிகள் காட்டும் அதன் திரையைத் திரவப் பளிங்குத் திரை என்பர்.

அத்தகைய கணினிகள் இன்றும் சிலரிடம் உள்ளன. விசைகள் வேலை செய்கின்றன. திரைதான் வெளிறிக் கிடக்கிறது. அதற்குரிய புதிய திரை எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே சிலர் மற்றொரு கணினியின் திரையைக் கழற்றி இதற்குப் பொருத்துகின்றனர். இரண்டு இயந்திரங்கள் ஒன்றாகிவிடுகின்றன! இது சிக்கனமன்று.

திரவப் பளிங்கு என்பதே விந்தையான பொருள். 1888ஆம் ஆண்டில் றைனிற்சர் என்னும் தாவரவியல் அறிஞர், கொலஸ்திரோலிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 பாகையிலேதான் தெளிந்தது. திரவம் போல ஓடியும் பளிங்கு போல ஒழுங்காக நின்றும் இருக்கும் இவ்வகைப் பொருளை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அடைத்து, இருபுறமும் முனைவாக்கித் தாள் ஒட்டினால் திரை அமைகிறது. மின்னழுத்தம் பட்ட இடத்தில் பளிங்கின் ஒழுங்கு மாற, அவ்விடம் கருக்கிறது. கண்ணாடி உடையாதவரை, உள்ளேயுள்ள பளிங்கு எளிதில் கெடுவதில்லை. கெடுபவை பெரும்பாலும் அதனைச் சூழ்ந்த மலிவான பொருள்களே.

முழுத்திரையும் ஒருசேர வெளிறியிருப்பின், பக்கத்திலுள்ள சிறு சக்கரத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். அதனாலும் பயனில்லையாயின் மின்வழங்கலையே முதலில் ஐயுறவேண்டும். இத்திரைக்குச் சைபருக்குக் கீழே 5 உவோற்று மின்னழுத்தமும் தேவை. அதனை ஆக்கும் சுற்றிலுள்ள கொள்ளளவிகள் நாட்பட்டால் கசியும். கசிந்த நீர்மம் செப்புக் கோடுகளையும் அரிக்கும். அவற்றை அகற்றி, இடத்தைத் துப்புரவாக்கிப் புதியவற்றைப் பற்றாசு பிடித்துவிட்டால், பல திரைகள் முன்போல எழுத்தைக் காட்டுகின்றன.

திறப்பதற்கு முன் ஒன்றை மறத்தலாகாது. எழுதியவை யாவும் மின்சாரம் உள்ளவரையே நிற்கும் நினைவகத்தில் இருக்கின்றன. அடியிலுள்ள நினைவக ஆளியை நிறுத்தியதும் அவை அழிந்துபோம். உரியவருக்கு அவ்வெழுத்து வேண்டுமாயின், முதலில் அதனை வேறொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். திரை பிழைத்து எழுத்து மாண்டால் என்ன பயன்?

திரையின் ஒரு பகுதி மட்டும் வெறுமையாயின் நோய் வேறு. 240 புள்ளி அகலமும் 64 புள்ளி உயரமும் உடைய இத்திரையை மேற்பாதிக்கு ஐந்து, கீழ்ப்பாதிக்கு ஐந்து என்று பத்துச் சிப்புகள் பங்கிட்டு இயக்குகின்றன. ஒன்றின் பங்கு 50 நிரல்கள் வரையில். ஆதலால் வெறுமையின் அளவே, குற்றவாளி யாரென்று சொல்லிவிடும். ஒரு மெல்லிய கோடு மட்டும் மறைந்திருந்தால் தொடுகையே பழுதாயிருக்கக்கூடும். இவ்வகைத் திரைகள் பலவற்றில், மின் கடத்தும் படையும் கடத்தாப் படையும் மாறிமாறி அமைந்த றப்பர்ப் பட்டிகளே கண்ணாடியையும் சுற்றுப்பலகையையும் இணைக்கின்றன. அவற்றில் அழுக்குப் படிந்தால், மதுசாரம் தோய்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் நேராக அமர்த்தலாம். சட்டத்தை ஒரு பக்கமாக அழுத்தினால் கண்ணாடி வெடிக்கும். ஆத்திரக்காரர் கையில் மாண்ட திரைகள் பலவாகும்.

இனி, அக்காலத்து வேறு கணினிகள் சிலவற்றின் திரையைத் திறந்தால் வினாகிரி மணம் வீசும். முனைவாக்கித் தாளைக் காக்கும் செலுலோசுப் படை வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து அசற்றிக்கமிலத்தை வெளியிடுவதே காரணம். பழைய திரைப்படச் சுருள்களை அழிப்பதும் இந்நோயே. இலங்கை போன்ற ஈரவெப்ப நாடுகளில் இது விரைந்து முற்றும். கெட்ட தாளை ஓர் ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, பசையைக் கரைத்தெடுத்துப் புதிய தாளை ஒட்டவேண்டும். ஒட்டுமுன் திரையை இயக்கி, தாளை அதன்மேல் வைத்துச் சுழற்றிப் பார்த்தல் நன்று. கால்வட்டம் மாறினால் கருமையில் வெள்ளெழுத்துத் தோன்றும். அதுவே கண்ணுக்கு இதமென்று அப்படியே ஒட்டிக்கொள்வோரும் உளர்.

கண்ணாடி விரிந்து, ஓரத்திலிருந்து கறுப்புக் கறை பரவியிருப்பின், அதற்கு மருந்தில்லை. எனினும் மொடல் 100இன் பின்புறத் தொடர்வாயில் கம்பி பொருத்தினால், திரையைப் பாராமலே விசைகளை அழுத்தி, உள்ளிருக்கும் எழுத்தை வெளியே எடுத்துவிடலாம்.