கட்டையோ மனிதனோ: மறுமுனையில் பேசுவது யார்?



அந்தி மயங்கும் பொழுதில் தொலைவில் ஓர் உருவம் தெரிகிறது. வெட்டுண்ட மரக்கட்டையா, நிற்கும் மனிதனா என்று துணிய இயலவில்லை. அந்த ஐயத்தை எச்சொல்லால் கூறுவது? திணை துணியப்படாத நிலையில் ‘உருவு’ போன்ற பொதுச்சொல்லால் சுட்டலாம் என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. துணிவு பிறக்கும் வரை உயர்திணை என்றோ அஃறிணை என்றோ முடிவு கட்டாதே என்பதே அவ்விதியின் உட்கருத்து.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்காவாகும். அதன் வாயிலில் வாழும் நாமும் இன்று அதே அந்தி மயக்கத்தில் நிற்கிறோம். வங்கிக்கோ தொலைபேசி நிறுவனத்திற்கோ குறை கூற முனைகிறோம். இன்சொல்லால் ஒரு மறுமொழி வருகிறது. அதனை வழங்கியது மனிதரா, செயற்கை நுண்ணறிவா?

இம்மயக்கம் புதிதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட ‘எலைசா’, பயனரின் சொற்களையே வினாவாகத் திருப்பித் தந்த எளிய நிரல். அது இயந்திரம் என்று அறிந்தவர்களும் அதனிடம் மனந்திறந்து பேசினர். நம் நாட்டில் ஏர்ஆசியா நிறுவனம் 2019இல் ‘ஏவா’ என்னும் உரையாடியை அறிமுகப்படுத்தியது. 2023இல் அதனிடத்தில் ‘போ’ வந்தது. பெயர் சூட்டியதும் ‘சொன்னது’ என்பது நம் நாவில் ‘சொன்னாள்’ என்றாகிவிடுகிறது.

அடையாளம் காணும் வழிகள் சில உண்டு. நீண்ட விடை நொடியில் வருவது ஒன்று. நாம் சினந்தாலும் வருந்தினாலும் அதே கனிவு மாறாதிருப்பது மற்றொன்று. வினாவை வேறு சொற்களில் கேட்டாலும் பழைய விடையே சுற்றி வருவது இன்னொன்று. ஆயினும் இவை உறுதியான சான்றுகள் அல்ல. எழுதிக்கொடுத்த வாசகத்தையே ஒப்புவிக்கும் ஊழியரும் உளர். பேச்சுத் தமிழும் மலாயும் கலந்து உரையாடும் இயந்திரமும் வந்துவிட்டது. ஆகவே, “நீங்கள் மனிதரா?” என்று நேரே கேளுங்கள். மனித அலுவலரிடம் இணைக்கக் கோருங்கள். புகார் எண்ணைப் பெறுங்கள். வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். மறைச்சொல்லை மட்டும் இருவருக்குமே தராதீர்கள்.

இதனை அறிந்து ஆவதென்ன? ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடி, துக்க காலக் கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. வழக்கு எழுந்தபோது, உரையாடி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்னும் பொருள்பட நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அவ்வாதத்தை மறுத்து, இழப்பீடு வழங்க ஆணையிட்டது. சொல் இயந்திரத்தினுடையது, பொறுப்போ அதனை நிறுத்தியவருடையது.

நம் முன்னோர் தோட்டத்தில் கிராணியிடம் குறை சொன்னார்கள். அவர் கேட்டிருக்கலாம், கேளாதும் இருந்திருக்கலாம். மறுத்தவர் யார் என்பதேனும் அவர்களுக்குத் தெரிந்தது. அவரைத் தாண்டி எவரிடம் செல்வது என்பதும் தெரிந்தது. மறுமுனையில் இருப்பது யாரென்று அறியாதபோது, முறையீட்டுக்கு முகவரியே இல்லாமற் போகிறது.

உவகை மிகுதியால் பசுவைத் தாய் என்றழைப்பதை இலக்கணம் திணை வழுவமைதியாக ஏற்கிறது. அழைப்பவர் அது பசு என்று அறிந்தே அழைக்கிறார். அறியாது அழைத்தால் அது வழுவே. இயந்திரத்திடமும் இன்சொல் பேசுவோம். ஆனால் திணையறிந்து பேசுவோம். ஆசிரியர்களே, திணைப் பாடத்தை நடத்தும் நாளில் இந்த எடுத்துக்காட்டையும் வகுப்பில் வையுங்கள். மாணவர்கள் இலக்கணத்தோடு தம் உரிமையையும் கற்பார்கள்.