பிரேக் ஆயிலுக்கும் வயசு உண்டு

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகத்துக்குக் காரில் போகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். வண்டியைச் சோதிப்பதென்னவோ இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தில் சூடேறும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஈரமேறினால் 140-லேயே கொதித்துவிடலாம். குழாயில் ஆவி சேர்ந்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. டப்பாவில் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். ஈரம் கண்ணுக்குத் தெரியுமா என்ன? பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், கையேட்டைப் பாருங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது வீண்: இன்றைய கார்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன.